இறங்காத நிழல்

புளியந்தாங்கல் கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பச்சையம்மா சாப்பாட்டுக் கடையில் முதல் ‘போதும்’ செல்லாது என்று. தையல் இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்து மறைத்தாலும் சரி, வயிற்றைத் தட்டிக் காட்டினாலும் சரி, குலசாமி மேல் ஆணையாகப் போதும் என்று சொன்னாலும் சரி, விரல் இடுக்கு வழியாக இன்னும் ஒரு கரண்டி சோறு இலையில் விழுந்தே தீரும். லாரி டிரைவர்களும் மல்லாட்டை மண்டிக்காரர்களும் அதற்கென்றே பாதி வயிற்றில் போதும் சொல்லப் பழகியிருந்தார்கள். நிலக்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள்; செஞ்சிப் பாறைகளின் காலடியில் கிடக்கிற அந்தச் செம்மண்ணில் அதைத் தவிர வேறெதுவும் மனசார விளைவதில்லை.

பச்சையம்மாவுக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மழை பொய்த்த ஒரு வருஷம், அத்தை வீட்டுக்கு விருந்தாடப் போனாள். காதடைக்கிற பசி. ஆனாலும் வெட்கம் விடவில்லை. முதல் பிடி சோறு விழுந்ததுமே ‘போதும்’ என்றாள், இன்னொரு தடவை கேட்பார்கள் என்ற நம்பிக்கையில். அத்தை கேட்கவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் சட்டி உள்ளே போன காட்சி கல்யாணமாகிக் கடை வைத்த பிறகும் பச்சையம்மாவின் கண்ணைவிட்டு அகலவில்லை. மனுஷர் வாயிலிருந்து வருகிற முதல் போதும் வெட்கத்தின் பேச்சு, வயிற்றின் பேச்சு அல்ல என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். தப்பென்று யாராலும் சொல்லிவிட முடியாத முடிவு அது.

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், கம்பளிப்புழு வருஷம் என்று சொன்னால் அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். முதல் மழைக்கு மண்ணுக்குள்ளிருந்து கிளம்பிய பூச்சிகள் முட்டையிட்டு, முட்டைகள் புழுவாகி, செம்பட்டை மயிரைச் சிலிர்த்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லை கொல்லையாக இறங்கி, இலை தின்று, பூ தின்று, தண்டு தின்று, தின்ன ஒன்றுமில்லாத கொல்லையிலிருந்து அடுத்த கொல்லைக்கு ஊர்வலம் போகிற மாதிரி ரோட்டைக் கடந்து போயின. பஸ் சக்கரம் வழுக்கி வேலியில் போய் நின்றது. விளக்குப் பொறி வைத்தார்கள், பள்ளம் வெட்டினார்கள், பூசை போட்டார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் சர்க்கார் ஒரு மஞ்சள் நிற ஏரோப்ளேனை அனுப்பியது. வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் போட்டுவிட்டு மறந்துபோன ஓடுதளம் ஒன்று ஏரிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. ஆடு மேய்ந்துகொண்டிருந்த அந்த இடத்தில் அது வந்து இறங்கி, முதுகில் மருந்தை ஏற்றிக்கொண்டு, பனைமரத் தலையை உரசுகிற மாதிரி தாழப் பறந்து கொல்லைகளின் மேல் தூவியது.

ஓட்டி வந்தவர் பெரம்பூர்க்காரர், ஆங்கிலோ இந்தியர், பெயர் டெஸ்மண்ட். அந்தப் பெயர் கூட்ரோட்டைத் தாண்டுவதற்குள் தேசிங்கு ஆகிவிட்டது. செஞ்சிக் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற ஊரில் வேறென்ன ஆகும்? காக்கி அரைக்கால் சட்டையும் எண்ணெய்க் கறை படிந்த பனியனுமாக மத்தியானம் சைக்கிளில் வந்து இறங்குவார். சம்மணம் போட்டு உட்காரத் தெரியாது; ஒரு முழங்கால் எப்போதும் பக்கத்து இலைக்காரரின் சோற்றுக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். ரசத்தை மிளகுத் தண்ணி என்பார். உள்ளங்கையைக் குழித்து வாங்கிக் குடிப்பார், பாதி முழங்கை வழியாக ஒழுகிவிடும், வளர்ந்த ஆள் ஒருத்தர் அவ்வளவு சந்தோஷமாக ஒழுகவிட்டு அந்த ஊர் பார்த்ததில்லை.

முதல் நாள் அவர் இலையை மறைத்தபோது பச்சையம்மா சிரித்தேவிட்டாள்.

“போதும்க்கா, மெய்யாலும் போதும்.”

“எது போதும்? இம்மாம் பெரிய ஏரோப்ளேன ஓட்டற ஆளு, கோழி கொத்தற மாதிரி சாப்டா எப்பிடி சார்?”

“வெயிட் ஏறிச்சின்னா பிளேன் மேல எழும்பாதுக்கா.”

“எழும்பும் எழும்பும். எழும்பலன்னா சொல்லுங்க, ஊரே வந்து தள்ளி உடறோம்.”

கரண்டி கவிழ்ந்தது. அவர் சாப்பிட்டார். அவள் புருஷன் கோதண்டம் கல்லாவிலிருந்து, “உட்ருடி, அந்த மனுசன் வயிறு வெடிச்சிடப் போவுது” என்று கத்தினான், வழக்கம்போல அவன் பேச்சு எடுபடவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் ஏரோப்ளேன் கூட்ரோட்டுக்கு வரும். கடைக்கு நேர் மேலே ஒரு சுற்று சுற்றும். ஊர் முழுக்க வெளியே வந்து துண்டை வீசும், பச்சையம்மா கரண்டியை வீசுவாள். அவர் இரண்டு சிறகையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவார், போதும், போய் இறங்குகிறேன் என்று அதற்கு அர்த்தம். விடுவார்களா? முதல் போதும் செல்லாத ஊராயிற்றே! துண்டுகள் இன்னும் வேகமாகச் சுழலும். அவரும் இன்னொரு சுற்று வருவார். அந்தச் சாயங்காலங்களைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லும்போது தலையை அண்ணாந்துகொண்டுதான் சொல்கிறார்கள். வெயில் மஞ்சளாகிற நேரம், ஏரோப்ளேனும் மஞ்சள், மல்லாட்டைப் பூவும் மஞ்சள், பயிர் பிழைத்துவிட்டது என்ற தைரியத்தில் கடன்காரன்கூட முறைக்காமல் போகிற காலம்.

கடைசி நாள் வந்தது. பெட்ரோல் பீப்பாய் ஏற்றிவந்த லாரி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. தேசிங்கு சார் ஏரோப்ளேன் டாங்கியில் குச்சியை விட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்.

“இன்னிக்கு எண்ண கொஞ்சந்தான்க்கா இருக்கு. மிச்சக் கொல்லைய முடிச்சிட்டு நேரா எறங்கிடுவேன்.”

“எறங்குவீங்களா! நாளைக்கி மெட்ராஸ் போற ஆளு, எங்க தலைக்கி மேல சுத்தாம போயிடுவீங்களா? நல்லா இருக்குதே நியாயம்!”

அவர் சிரித்தார். கொஞ்சந்தான் இருக்கிறது என்று சொன்னால் அந்தக் கடையில் யார் நம்புவார்கள்? வீட்டில் குண்டான் நிறைய இருந்தாலும் கொஞ்சந்தான் இருக்கு என்று சொல்கிற ஜனங்கள் அவர்கள். அது மரியாதைக்குச் சொல்கிற சொல் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மனசு கேட்காமல் வந்துவிட்டார். ஒரு சுற்று சுற்றினார். சிறகை ஆட்டினார். துண்டுகள் சுழன்றன. இன்னொரு சுற்று. மறுபடியும் ஆட்டினார், இந்தத் தடவை வேகமாக, ஒரு சிறகு பனைக்கும் ஒரு சிறகு வானத்துக்குமாகச் சாய. பாருங்கடா, சார் எப்படி விளையாட்டுக் காட்டுகிறார் என்று ஊர் குதித்தது. பச்சையம்மா ரோட்டுக்கு நடுவில் போய் நின்று கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினாள். அவர் அவளைப் பார்த்திருக்க வேண்டும். இன்னும் ஒரு சுற்றுக்குத் திரும்பினார்.

ஏரிக்கு மேலே போனபோது சத்தம் நின்றது. இருமவில்லை, திணறவில்லை, பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்துகிற மாதிரி நின்றது. சத்தமில்லாத ஏரோப்ளேன் தலையைத் தாழ்த்திக்கொண்டு கரைக்குப் பின்னால் போய் மறைந்தது. ஊர் ஓடிப்போய்ப் பார்த்தபோது அது ஒரு பனைமரத்தைக் கட்டிக்கொண்டு நொறுங்கிக் கிடந்தது, அவர் உள்ளே உட்கார்ந்தபடி இருந்தார், உயிர் இல்லை. தீப்பிடிக்கவும் இல்லை. எரிவதற்குக்கூட அதில் ஒரு சொட்டு எண்ணெய் பாக்கி இல்லை.

இருட்டுவதற்குள் அதிகாரிகள் வேன் கொண்டுவந்து உடம்பை மெட்ராஸுக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். எரிபொருள் தீர்ந்து விபத்து என்றார்கள். ஊரும் அதையே சொன்னது. எண்ண தீந்துபோச்சாம், எண்ண தீந்துபோச்சாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், கரண்டியைப் பற்றியும் துண்டைப் பற்றியும் ஒருவரும் மூச்சு விடவில்லை. பச்சையம்மா பேயறைந்த மாதிரி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுகை தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது.

மறுநாள் சாயங்காலம் நிழல் வந்தது.

ஏரோப்ளேன் இல்லை, அதன் நிழல் மட்டும். செஞ்சிப் பாறைகளின் மேல் படர்ந்து இறங்கி, பனைமரங்களில் ஏறி இறங்கி, ஏரித் தண்ணீரில் நனையாமல் கடந்து, மாடுகளின் முதுகைத் தடவிக்கொண்டு, ஓட்டுக் கூரைகளில் மடங்கி நிமிர்ந்து, கடை வாசலுக்கு வந்து ஒரு சுற்று சுற்றியது. அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம். விழுகிற அவசரத்தில் சார் இதை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று ஒரு கிழவர் சொன்னார், அதற்குமேல் யாரும் ஆராயவில்லை. கோழிகள் பருந்து என்று நினைத்துக் குஞ்சுகளை மூடிக்கொண்டன. நிழல் சிறகை ஆட்டியது. யாருடைய கை முதலில் உயர்ந்தது என்று தெரியாது; ஒரு துண்டு சுழன்றது, பிறகு எல்லாத் துண்டும் சுழன்றன. நிழல் இன்னொரு சுற்று வந்தது. பச்சையம்மாவின் தொண்டையில் நின்றிருந்த அழுகை மெல்ல உள்ளே இறங்கிவிட்டது. சார் எங்கேயும் போய்விடவில்லை, அழுவதற்கு என்ன இருக்கிறது?

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஒரு வாரம் பயந்தார்கள், ஒரு வாரம் கும்பிட்டார்கள், அதற்குப் பிறகு பழகிவிட்டார்கள். வடாம் காயப்போடுகிற பெண்கள் நிழல் வருகிற பாதையை விட்டு ஒதுங்கிப் பாய் விரித்தார்கள். முடிதிருத்துகிறவர் நாற்காலியை அந்தப் பாதைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார், நிழல் போகிற கொஞ்ச நேரம் கழுத்துக்குக் குளிர்ச்சி என்று. தலைவலிக்காரர்கள் ரோட்டில் படுத்தார்கள். அடம்பிடித்து அழுகிற குழந்தைகளை வாசலில் கிடத்தினால் நிழல் தாண்டும்போது தூங்கிப்போயின. பெண் பார்க்க வந்த இடத்தில் நிழல் கூரையைத் தொட்டுப் போனால் கல்யாணம் நிச்சயமான மாதிரி. இரண்டு கட்சிக்காரர்களும் அதைத் தங்கள் கட்சி என்று மேடையில் பேசினார்கள். டவுனிலிருந்து வந்த ஒரு அதிகாரி மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ‘மேகம்’ என்று சொல்லிவிட்டு, பச்சையம்மா கடையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனார். மழைக்காலத்தில் வெயிலே இல்லாத நாட்களிலும் நிழல் தவறாமல் வந்தது, சுவரில் ஓதம் படிகிற மாதிரி மங்கலாக.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், அது கடந்து போகிற கொல்லைகளில் புழு உதிர்ந்தது. அந்த மருந்தின் ஞாபகம் நிழலில் ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ, நிழல் பட்ட புழு சுருண்டு தரையில் விழுந்தது. பஞ்சாயத்துத் தலைவர் அரிகிருஷ்ணன் இதைக் கண்டுபிடித்த அன்றைக்கே நிழலுக்குத் துண்டு வீசுவதை ஒரு வேலையாக முறைவைத்துப் பிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஊருக்கு ஒன்று என்றால் முன்னால் நிற்பவர்தான். இந்தக் கொல்லையில் ஆள் நின்று வீசினால் நிழல் இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தக் கொல்லையில் வீசினால் அந்தப் பக்கம் ஒரு சுற்று. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் துண்டோடு வரப்பில் வந்து நின்றார்கள். தேசிங்கு சார் இருந்த காலத்தைவிட இப்போதுதான் அதிகம் பறந்தார்.

பச்சையம்மாவுக்கு மட்டும் கண்ணில் பட்டது. நிழல் வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் அடுப்புக் கரி நிறத்தில் வந்தது, போகப்போக, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியாக ஆகிவிட்டது. ஒரு சிறகில் ஓட்டை விழுந்து அதன் வழியாக வெயில் தரையில் பட்டது. சிறகை ஆட்டுவது மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆட்டியது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி கரண்டியை வீசினாள். வீசாவிட்டால் போய்விடுவாரே என்ற பயம் அவளுக்கு.

அடுத்த வருஷம் விதைப்பு முடிந்து பயிர் தலைகாட்டுகிற சமயத்தில், மத்தியான பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பூப்போட்ட கவுன், கையில் குடை. கடைக்குள் வந்து, “இங்கதான் டெஸ்மண்ட் சாப்பிடுவாரா?” என்று கேட்டாள். கோதண்டத்தின் முகத்தில் ஈயாடவில்லை. பச்சையம்மாதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நீங்க?”

“ஐவி. அவரோட வைஃப்.”

பச்சையம்மா அவளை உட்காரவைத்தாள், இலை போட்டாள், இருப்பதிலேயே நல்ல மீன் துண்டாக எடுத்துவைத்தாள். ஐவி மெதுவாகச் சாப்பிட்டாள். உங்கள் மிளகுத் தண்ணியைப் பற்றி வீட்டில் ஓயாமல் சொல்வார், எனக்கு அந்தக் கைப்பக்குவம் வரவில்லை என்று குறை சொல்வார் என்றாள். யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. கொஞ்சம் சாப்பிட்டதும் இலையைக் கையால் மறைத்து, “போதும்க்கா” என்றாள்.

பச்சையம்மாவின் கை தானாகப் போய் ஒரு கரண்டி சோற்றை இலையில் கவிழ்த்தது. வழக்கம் அப்படி.

ஐவி அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தொடவில்லை.

“நான் நெஜமாத்தான் சொன்னேன்க்கா,” என்றாள்.

அவ்வளவுதான். கோபம் இல்லை, சத்தம் இல்லை. பச்சையம்மா கரண்டியைக் குண்டானுக்குள் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். நிழல் பாறையிலிருந்து இறங்கி வந்தது, பனைமரத்தில் ஏற ஒரு நிமிஷம் தயங்கி ஏறியது, கொல்லை கொல்லையாகத் துண்டுகள் கூப்பிட்ட பக்கமெல்லாம் போய்விட்டுக் கடைசியில் கடைக்கு முன்னால் வந்தது. சிறகை ஆட்டியது. ஐவி குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“வீட்லயும் இப்படித்தான்,” என்றாள். “தூக்கம் வந்துடுச்சின்னா வாயால சொல்ல மாட்டார். தோளை இப்படி ஆட்டுவார். ஆயிரம் தடவை பாத்திருக்கேன். அவருக்கு அலுப்பா இருக்குக்கா. போதும்னு சொல்றாரு. ஏன் யாரும் கேக்க மாட்டேங்கறீங்க?”

ஊர் கூடியது. ஐவியை நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவள் கேட்டதைக் கேட்டார்கள். என் புருஷனை என்னோடு அனுப்பிவையுங்கள் என்றாள், வேறொன்றும் கேட்கவில்லை. அரிகிருஷ்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்று தன்மையாகத்தான் பேசினார்.

“தங்கச்சி, உன் வருத்தம் எங்களுக்குப் புரியாம இல்ல. ஆனா பயிரப் பாரு. இப்பத்தான் ரெண்டு எல உட்டிருக்குது. புழு வந்துச்சின்னா ஊரே கஞ்சிக்கி அலையும். இந்த ஒரு போகம். ஒண்ணே ஒண்ணு. அப்பால நாங்களே அனுப்பி வெக்கறோம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். பச்சையம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தலைவர் வாயிலிருந்து வந்தது அவளுடைய பேச்சு. ஒண்ணே ஒண்ணு, இன்னும் ஒரு கரண்டி, அப்புறம் விட்டுவிடுகிறேன் என்று எத்தனை இலைக்கு முன்னால் அவள் சொல்லியிருப்பாள்! அவளுக்கு அத்தையின் சட்டி ஞாபகம் வந்தது. பசிக்கிறவளிடம் இன்னொரு தடவை கேட்காமல் போனது பாவம் என்றால், போதும் என்கிறவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு என்ன பெயர்?

“நான் அனுப்பறேன்,” என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ யாரு அனுப்ப?” என்றார் அரிகிருஷ்ணன்.

“நான்தான கூப்ட்டேன்.”

கோதண்டம் அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போனான். “ஊரப் பகச்சிக்கினு எங்க போயி கட நடத்துவ? நாளைக்கி புழு வந்துச்சின்னா நம்மள ஒரு நாயி சீந்துமா?” என்றான். ஊர் போனால் போகட்டும். தினமும் சாயங்காலம் ஒரு முகத்தை எதிர்பார்க்கிற மாதிரி அந்த நிழலை எதிர்பார்த்துப் பழகிய தன் மனசை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. அவரைத் திரும்ப வரவழைத்ததும் தான்தான் என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அதையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் வரப்பு வரப்பாக ஆட்கள் துண்டோடு நின்றார்கள், வழக்கத்தைவிட அதிகம் பேர். அரிகிருஷ்ணன் கடைக்கு எதிரிலேயே வந்து நின்றுகொண்டார். நிழல் வந்தது. நைந்து, ஓட்டையோடு, ஒரு சிறகைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. கடைக்கு மேலே சுற்றி, சிறகை ஆட்டியது. துண்டுகள் சுழன்றன.

பச்சையம்மா கரண்டியை உள்ளேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அவள் கையில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. நேராக ரோட்டுக்கு நடுவில் போனாள். சாப்பிட்டு எழுந்தவருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எப்படிக் குனிவார்களோ அப்படிக் குனிந்தாள்.

“சார்,” என்றாள். “தேசிங்கு சார், போதும்னா போதும்தான். நீங்க மொதல்ல சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும். எழுந்திரிங்க. கைய கழுவிக்குங்க.”

சொம்பைச் சாய்த்து ரோட்டில் தண்ணீரை ஊற்றினாள்.

துண்டுகள் இன்னும் சுழன்றுகொண்டுதான் இருந்தன. நிழல் அவற்றைப் பார்க்கவில்லை. ரோட்டின் அந்தக் கோடியிலிருந்து, ஓடுதளத்துக்கு வருகிற மாதிரி நேராகத் தாழ்ந்து வந்தது, தாழத் தாழக் கறுத்தது, கறுத்துக் கறுத்துப் பழைய கரி நிறத்துக்கே வந்துவிட்டது. புழுதி கிளம்பவில்லை. கோழிகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மேயப் போயின. உருண்டு, மெதுவாகி, ஈர மண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. சிறகுகள் இரண்டும் சாப்பிட்ட இலையை மடிக்கிற மாதிரி உள்பக்கமாக மடிந்தன. மடிந்ததும் அங்கே ஒரு மனுஷ நிழல் இருந்தது, சம்மணம் போடத் தெரியாமல் ஒரு முழங்கால் துருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு கையையும் நீட்டியது. பச்சையம்மா மிச்சத் தண்ணீரை ஊற்றினாள். அது நிதானமாகக் கழுவி, உதறி, எழுந்து நின்றது.

ஐவி குடையை விரித்துப் பிடித்தாள். டெஸ்மண்டின் நிழல் நடந்துபோய் அந்தக் குடை நிழலுக்குள் ஒண்டிக்கொண்டது.

மெட்ராஸ் பஸ் வந்து நின்றது. “எத்தன டிக்கெட்?” என்றார் கண்டக்டர். “ரெண்டு,” என்றாள் ஐவி. அவர் தரையைப் பார்த்தார், இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், ஜன்னல் ஓரத்து ஆளை எழுப்பி இடம் பண்ணிவிட்டார். ஐவி ஏறும்போது பச்சையம்மாவின் கையைப் பிடித்தாள். பஸ் கிளம்பியது. கூட்டத்தில் யாரோ பழக்கதோஷத்தில் துண்டைத் தூக்கினார்கள். அரிகிருஷ்ணன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகு பச்சையம்மா அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள். போன வருஷம் தொண்டையில் நின்று உள்ளே இறங்கிப்போன அழுகை இப்போது வந்தது. ஐயோ சாரே, கொஞ்சந்தான் இருக்குதுன்னு சொன்னியே, நான் பாவி கேக்கலியே என்று மாரில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பெண்கள் ஒருத்தி ஒருத்தியாக வந்து தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, தோளோடு தோள் கைகோத்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆண்கள் சொல்லிவைத்த மாதிரி ஏரிக்குப் போய்த் தலைமுழுகினார்கள். அரிகிருஷ்ணன் ஈரத் துண்டோடு திரும்பி வந்து, எதிர் மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், புழுவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

விளக்கு வைத்த பிறகு வந்து நின்ற லாரியிலிருந்து டிரைவர் இறங்கி, “அக்கா, சோறு இருக்குதா?” என்று குரல் கொடுத்தான். கடை இருட்டாக இருந்தது. பக்கத்து வீடுகளிலும் எதிர் வீடுகளிலும் எங்கேயும் புகை இல்லை.

“இன்னிக்கி அடுப்பு மூட்டல தம்பி,” என்றான் கோதண்டம். “எங்கூட்ல சாவு.”